தேர்தலில் நிற்கப் போன டெல்பினா அக்கா

டெல்பினா அக்காவின் வீட்டு முன்வாசலில் ஏழு பெட்டிகள் இருந்தன. எண்ணியது நான் அல்ல, என் பக்கத்து வீட்டுத் தவநாயகி. நான் சரிபார்த்தேன், அவ்வளவுதான்.

வருஷத்துக்கு ஒரு பெட்டி என்றால் எங்களுக்குப் பழக்கம். ஓகஸ்ட் முடிகிறபோது ஓர் ஆள் உள்ளே குந்தியிருக்கக்கூடிய அளவில் ஒரு மட்டைப் பெட்டி அந்த வீட்டுக்கு வரும். ஷாம்பூ, சொக்கலேற், டின் இறைச்சி, பாதி தேய்ந்த சப்பாத்துகள் எல்லாம் அதற்குள் போகும். கப்பலில் ஏறி டிசம்பர் நத்தாருக்குப் பிலிப்பீன்ஸ் போய்ச் சேரும். அந்த நாட்டுக்காரர் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் ஏழு பெட்டிகளை நத்தார்க் கணக்கில் சேர்க்க முடியாது.

தவநாயகி மூன்று காரணங்கள் வைத்திருந்தாள். நோய் வருத்தம், வீட்டு விற்பனை, கலியாணம்.

"வீடு விக்கிறதெண்டால் வாசலிலை போர்ட் வந்திருக்கும். வருத்தக்காரி ஏழு பெட்டி கட்டமாட்டாள். அப்ப மிச்சம் என்ன, நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

"அவவுக்கு அறுபத்திமூண்டு வயசு."

"அதுக்கென்ன, சட்டமிருக்கோ?"

அவித்த கடலையில் தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்து ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் தெருவில் நாற்பத்தோராம் இலக்கம் டெல்பினா அக்காவுடையது. கணவர் இல்லை. ஒரே மகள் ஜொஸ்லின் கார்டிஃபில் மருந்தாளர். அக்கா இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தவர். பிறகு தமிழ் வயோதிபர்களை வீடு வீடாகப் போய்க் கவனித்தார். தமிழைப் படித்ததும் அந்த வீடுகளில்தான். அதனால் அவருடைய தமிழுக்கு எண்பது வயது. 'கொப்பர் சுகமே?' என்று அவர் கேட்டால் எங்கள் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், 'அப்பா சுகமா' என்று நான் மொழிபெயர்க்க வேண்டும்.

கோப்பையை வாங்கிக்கொண்டே அக்கா சொன்னார்: "எலெக்‌ஷனிலை நிக்கப் போறன், தங்கச்சி."

"இஞ்ச, பிரென்ட் கவுன்சிலிலையோ?"

"சீ! குப்பைத் தொட்டி எடுக்கவே அவையளுக்கு ஏலாது. எங்கட ஊரிலை. எங்கட பரங்காயிலை கப்பித்தானா நிக்கப் போறன்."

பரங்காய் என்பது மரக்கறி அல்ல. அவர்கள் நாட்டு ஆட்சியின் கடைசிப் படி அது. நகரத்துக்கு மேயர். மேயருக்குக் கீழே நகரசபை. நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு பரங்காய். அதற்குக் கப்பித்தான் என்று ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள், ஒரு மண்டபம், கூரை போட்ட ஒரு பந்து விளையாட்டுத் திடல். அக்காவின் ஊரான சான்டா பெனில்டா நகரத்தில் இப்படி முப்பத்தொரு துண்டுகள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வரைபடத்தில் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பெயர் சொன்னார். ஆற்றங்கரையில் நகத்தளவு இருந்த ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மை பூசியிருந்தது.

ஏன் அந்தத் துண்டு என்று நான் கேட்டது ஒரு கேள்வி. எனக்குக் கிடைத்தது நானூறு வருஷம்.

முதலில் அங்கே நான்கு மீன்பிடிக் குடியிருப்புகள் இருந்தனவாம். ஸ்பானியப் பாதிரியார் ஒருவர் வந்து கோயில் கட்டி மணியும் தூக்கி, மணிச் சத்தம் கேட்கிற தூரத்துக்குள் எல்லோரும் வந்து குடியிருக்க வேண்டும் என்று சொன்னாராம். மூன்று குடியிருப்புகள் போய்விட்டன. ஆற்றங்கரைக்காரர்கள் மட்டும் போகவில்லை. "காத்து மற்றப் பக்கம் வீசுது ஃபாதர், எங்களுக்குக் கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டினம்" என்று அக்கா ஏதோ நேற்றுத் தன் மாமா செய்த குறும்பைப்போலச் சொன்னார். பிறகு அமெரிக்கர்கள் வந்து பள்ளிக்கூடமும் நகர மண்டபமும் கட்டினார்கள். யுத்தத்தில் இரண்டும் எரிந்தன. பிறகு திரும்பக் கட்டினார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்புவரை அது ஒரு பட்டணம்தான். பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு, ஊர்ச்சனமும் வாக்குப் போட்டு, நகரமாகத் தரம் உயர்த்தினார்கள். அதனால் என்ன மாறியது என்று கேட்டேன். "மேயற்றை கார்" என்றார்.

அங்கே இரண்டு அயல்வீட்டுக்காரர் சண்டை பிடித்தால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாதாம். முதலில் கப்பித்தானுக்கு முன்னால் நேரில் போய் இருக்க வேண்டும். வக்கீல் கூடாது. தவநாயகி தன் பச்சைக் குப்பைத் தொட்டியை என் வாசலுக்குத் தள்ளி வைக்கிற விஷயத்துக்கு இப்படி ஒருவர் எங்கள் தெருவிலும் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் தகப்பன் அங்கே மூன்று தவணை கப்பித்தானாக இருந்தவர். இப்போது அந்தப் பரங்காயையே கலைத்து, வணிக வளாகம் இருக்கிற பக்கத்துப் பரங்காயோடு சேர்க்கப் போகிறது நகரசபை. சட்டப்படி ஒரு பரங்காயில் இரண்டாயிரம் பேராவது இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் அந்த எண்ணிக்கை குறைந்துவிட்டது.

"ஆக்கள் எங்கை போனவை?"

"ரியாத், ரொறன்ரோ, மிலான்." பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஒராள் கிங்ஸ்பரி. ஆள் குறைஞ்சு போச்சு எண்டு ஊரை மூடப்போறாங்கள், தங்கச்சி. குறைஞ்ச ஆளிலை நானும் ஒண்டுதானே?"

சேர்ப்பதற்கு முன் ஊர்ச்சனத்திடம் வாக்குக் கேட்டே ஆக வேண்டுமாம். இப்போதைய கப்பித்தான் மேயருக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான். ஆகவே அவருக்குச் சேர்வதில் பூரண சம்மதம். அந்த ஆளைத் தோற்கடித்து, வீடு வீடாக ஏறி, சேரவேண்டாம் என்று சனத்தைக் கேட்பது அக்காவின் திட்டம். டிசம்பரில் வரவேண்டிய தேர்தலை அடுத்த வருஷம் நவம்பருக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நிற்கிற ஆள் அதற்கு முன் ஒரு முழு வருஷம் அந்தப் பரங்காயில் வசித்திருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த ஒக்டோபர் முடிவதற்குள் அவர் அங்கே போய் இறங்க வேண்டும். பெட்டிகளின் மர்மம் தீர்ந்தது. கலியாணம் இல்லை என்று கேட்டதும் தவநாயகிக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

அதோடு நின்றிருந்தால் நாங்கள் ஒரு சால்வையும் பூங்கொத்தும் கொடுத்து அனுப்பி வைத்திருப்போம். போகிற போக்கில் அக்கா இன்னொன்றையும் சொன்னார். பிலிப்பீன் குடியுரிமையை அவர் முன்பே சத்தியம் செய்து திரும்ப எடுத்திருந்தார். இரண்டு நாட்டுக் குடியுரிமையும் வைத்துக்கொண்டு அங்கே வாழலாம், வாக்குப் போடலாம். தேர்தலில் நிற்பதென்றால் மட்டும் அடுத்ததை விடவேண்டும். அதாவது, பிரித்தானியக் குடியுரிமையைத் துறக்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

நான் கடலைக் கோப்பையைத் திரும்ப வாங்காமலே வீட்டுக்கு ஓடி வந்தேன்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு வீட்டுக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு வந்தால் அது நேரே மேசை லாச்சிக்குள் போகாது. முதலில் சாமியறைக்குப் போகும். பிள்ளையாருக்கு முன்னால் ஒரு தட்டில் வைத்து, மட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, உறையில் சந்தனப் பொட்டு வைப்போம். அக்காவின் கடவுச்சீட்டு வந்தபோது அவர் கத்தோலிக்கர் என்றுகூடப் பாராமல் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டு வைத்தோம். அவரும் பேசாமல் சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்.

அதற்கான படிவத்தை நிரப்பியவர் தில்லையம்பலம் அண்ணை. கிங்ஸ்பரித் தமிழர்களில் பாதிப்பேரின் படிவங்கள் அவர் கையெழுத்தில்தான் உள்துறை அமைச்சுக்குப் போயின. தன்னுடைய அகதி வழக்குக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தவர். அந்தப் பதினோரு வருஷத்தில் செத்த தாய்க்குக் கொள்ளி வைக்கப் போக முடியாமல், இந்தத் தெருவிலேயே நடந்து திரிந்தவர். பிறகு ஒருநாள் அவருக்கும் அந்தச் சிவத்த மட்டை வந்தது. இன்றும் வருஷத்தில் ஒரு தடவை அதை எடுத்து உறையைத் துடைத்து வைப்பார். அவருடைய மனைவி சுலோச்சனா அதைத் தன் சக்களத்தி என்பாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இந்தச் செய்தியைச் சொல்ல யாராவது வேண்டும் அல்லவா? நானே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சுலோச்சனா வீட்டில் கூட்டம். மேசையில் றோல்ஸும் பற்றிஸும் தேநீரும். அண்ணை, சுலோச்சனா, தவநாயகி, நான். நடுவில் டெல்பினா அக்கா, ஏதோ கலியாணப் பேச்சுக்கு வந்த பொம்பிளைபோல.

"உனக்கென்ன விசரே?" என்று அண்ணை தொடங்கினார். "சனம் கடலிலை சாகுது இதுக்கு. நீ துறக்கப் போறியோ?"

"ஓம் அண்ணை."

"பெடிச்சி கார்டிஃபிலை இருக்கிறாள். அவளுக்கு ஒண்டெண்டால்? மணிலாவிலை விசா லைனிலை நிப்பியோ?"

"நிப்பன்."

"அவள் என்ன சொல்லுறாள்?"

அக்கா றோல்ஸின் ஓரத்தைப் பிய்த்தார். "'உங்கட விருப்பம் அம்மா' எண்டாள். அதுக்குப் பிறகு ரெண்டு கிழமையா கோல் எடுக்கேல்லை."

அந்த இடத்தில் சுலோச்சனா தேநீர் ஊற்றினாள். எங்கள் வீடுகளில் பேச்சு முட்டுப்பட்டால் தேநீர் ஊற்றுவதுதான் வழக்கம்.

அண்ணை ஒரு கடதாசியை எடுத்தார். மூன்று நாள் படித்து ஓர் ஓட்டை கண்டுபிடித்திருந்தார். முகத்தில் வெளிச்சம். "இஞ்ச பார். நீ அவையளுக்கு முன்னாலை சத்தியம் பண்ணினாலும் அது லண்டனுக்குத் தெரியாது. லண்டனைப் பொறுத்தவரைக்கும் துறக்கிறதுக்கு வேறை ஒரு போர்ம் இருக்கு. அதை நிரப்பி அனுப்பாட்டி, நீ அங்கை கப்பித்தான், இஞ்ச பிரிட்டிஷ். ரெண்டு பக்கமும் சட்டப்படி சரி. பாஸ்போர்ட்டைச் சத்தம் போடாமல் லாச்சிக்குள்ளை வைச்சிட்டுப் போ."

நாங்கள் கைதட்டாத குறை. தவநாயகி இரண்டாவது பற்றிஸை எடுத்தாள்.

"அங்கை மற்றக் கட்சிக்காரர் தேடுவினம் அண்ணை. சத்தியத்துக்குப் பிறகு ஒருக்கா அந்தப் பாஸ்போர்ட்டிலை பிளேன் ஏறினாலே காணும், சீட் போச்சு."

"ஏறாதை. வைச்சிரு. வைச்சிருக்கிறதுக்கு என்ன?"

அக்கா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "நான் வீடு வீடாப் போய்ச் சனத்தைக் கேக்கப் போறன், ஊரை விட்டுக் குடுக்காதேங்கோ எண்டு. எனக்கு மட்டும் பின்னாலை ஒரு கதவு திறந்திருக்கு எண்டால், அதை என்னெண்டு கேக்கிறது? அந்தப் போர்மையும் நிரப்பித் தாங்கோ அண்ணை."

"நானோ?"

"நீங்கள்தானே ஏத்தினது."

அண்ணை எழுந்துவிட்டார். "நூற்றிப்பத்துப் பேரை இந்தக் கையாலை பிரிட்டிஷ் ஆக்கினனான். ஒருத்தரையும் இறக்கினதில்லை. என்னாலை ஏலாது."

அக்காவும் எழுந்தார். வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே, சண்டைக்கு இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்புகிறவர்போலக் கேட்டார்: "அண்ணை, உங்கட ஊரிலையும் மே மாசம் பிரதேச சபை எலெக்‌ஷன் நடந்ததெல்லோ? உங்கட வட்டாரத்திலை ஆர் வெண்டது?"

தில்லையம்பலம் அண்ணைக்கு உலகத்து அரசியல் எல்லாம் விரல் நுனியில். அமெரிக்க செனட்டிலே யாருக்கு யார் எதிரி, சென்னையில் எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேரும், எல்லாம் சொல்வார். இதற்கு மட்டும் கூரையைப் பார்த்தார். "ஆரோ ஒரு பெடியன்" என்றார் கடைசியில்.

அடுத்த நாள் காலை அவர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம் இருக்கிற தன் மச்சான் ஆனந்தராஜாவுக்குப் போன் எடுத்ததைச் சுலோச்சனா எனக்குச் சொன்னாள். வென்றது பெடியன் அல்ல, நகுலேஸ்வரி என்று ஒரு ரீச்சர். அண்ணை உற்சாகமாகி, தன் ஒழுங்கை லைற்றுகள் எரிகின்றனவா, வாய்க்கால் துப்பரவாக்கினார்களா, ரீச்சரோடு தான் ஒருக்கா கதைக்கலாமா என்றெல்லாம் கேட்டாராம்.

"அண்ணை, உங்களுக்கேன் இந்த வில்லங்கம்?" என்று ஆனந்தராஜா சிரித்தாராம். "நீங்கள் வெளிநாட்டுக்காரர். லீவிலை வந்தால் சொல்லுங்கோ, நல்ல ஊர்க்கோழி அடிப்பம்."

அன்புடன்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அண்ணை போனை வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லையாம். 'வெளிநாட்டுக்காரர்' என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாராம். சுலோச்சனா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். எங்கள் தெருவில் கதவுகளுக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள் உண்டு.

இதற்கிடையில் தவநாயகி தன் சொந்த மூளையைப் பாவித்தாள். பெட்டி கட்ட உதவுகிறேன் என்று நாற்பத்தோராம் இலக்கத்துக்குப் போனவள், லாச்சியில் இருந்த சிவத்த கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் எதைக் காட்டிச் சத்தியம் செய்வது என்பது அவளுடைய கணக்கு. என்னிடம் சொன்னபோது நானும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாள் காத்திருந்தோம். அக்கா பதறிக்கொண்டு வருவார் என்று பார்த்தோம். செவ்வாய்க்கிழமை அவர் கிங்ஸ்பரி ஸ்ரேஷனில் ரயில் ஏறித் தூதரகத்துக்குப் போனார். தன் பிலிப்பீன் கடவுச்சீட்டைக் காட்டி, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். வரும் வழியில் இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். துறப்பதற்கு வாய் போதுமாம், புத்தகம் தேவையில்லையாம். தவநாயகியின் அரிசி வாளிக்குள் ஐக்கிய இராச்சியம் சும்மா கிடந்தது.

அக்கா புறப்படுவதற்கு ஒன்பது நாட்கள் இருந்தன. லண்டனுக்கான படிவம் மட்டும் மிச்சம். அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை. கொம்பியூட்டரில் தானே செய்யவும் இல்லை. அண்ணை வீட்டைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்தார். அண்ணையும் அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலையைச் சரிசெய்தார். இப்படி மூன்று நாட்கள். எங்களுக்கே பொறுமை கெட்டுவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுலோச்சனாவின் அழைப்பு. "வாங்கோ. போர்மைப் பிரிண்ட் பண்ணிப்போட்டார். முகத்தைப் பார்க்கப் பயமாக் கிடக்கு."

நான் போனபோது அக்கா ஏற்கனவே மேசையில் இருந்தார். அண்ணை வெள்ளைச் சேட் போட்டிருந்தார். கறுப்பு மைப் பேனைகள் மூன்று, மூடி திறந்து வரிசையாக இருந்தன. தவநாயகி கதவோரம் கதிரையின் நுனியில் இருந்தாள், எந்த நேரமும் ஓடத் தயாராக.

"பெயர்" என்றார் அண்ணை. தெரியாதவர்போல.

"டெல்பினா மரியா சல்வசியோன்."

"பிறந்த இடம்."

"சான்டா பெனில்டா சிட்டி."

"நீ பிறக்கேக்கை சிட்டி இல்லை எண்டு சொன்னாய். பட்டணம் எண்டு எழுதவோ?"

"ஓம் அண்ணை, அதுதான் சரி."

படிவத்தில் அவர் ஒரு தூசியும் விடமாட்டார். பழைய விலாசங்கள், பெற்றோர் பெயர், பெற்றோர் பிறந்த இடம். தகப்பனின் பெயரை எழுதும்போது மட்டும், "இவர்தானே அந்தக் கப்பித்தான்?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். அந்தப் பெயரை அண்ணை மற்றவற்றைவிட ஆறுதலாக எழுதினார்.

"பாஸ்போர்ட் நம்பர். புத்தகத்தையும் தா, சேர்த்து அனுப்போணும்."

"தேடினனான் அண்ணை. காணேல்லை."

தவநாயகியும் நானும் ஒரே நேரத்தில் எங்கள் கால்விரல்களைப் பார்த்தோம். தவநாயகியின் காது சிவந்தது. "ஒரு நிமிசம்" என்று எழுந்து வெளியே போனாள். நான்கு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கையில் கடவுச்சீட்டு, உறைக்குள் இரண்டு குத்தரிசி.

"நான்தான். நீங்கள் போகக்கூடாது எண்டுதான்... களவுக்கில்லை அக்கா" என்று சொல்லிக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள். பச்சைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தக்கூடிய பெண் அவள். அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

டெல்பினா அக்கா அவள் தலையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டார். "என்ரை ஊரெண்டால் உங்களை நான் பரங்காய்க்குக் கூப்பிட்டு விசாரிக்கோணும்" என்றார்.

"விசாரிச்சால் என்ன தண்டனை?" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிடோணும். அவ்வளவுதான்."

அண்ணை கனைத்தார். படிவம் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தது. கையொப்பம் இடவேண்டிய இடத்தைப் பென்சிலால் மெல்ல அடையாளமிட்டு, பேனையை நீட்டினார்.

அக்கா பேனையை வாங்கினார். நுனி கடதாசியைத் தொட்டது, ஆனால் நகரவில்லை. தூதரகத்தில் ஒரே மூச்சில் சத்தியம் செய்துவிட்டுக் கீரை வாங்கி வந்த மனுஷி இப்போது அண்ணையை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, எனக்குப் பயமா இருக்கு."

இதற்காகத்தான் அண்ணை இரண்டு கிழமையாகக் காத்திருந்தார் என்று நான் நினைத்தேன். ஒரு சொல் போதும். 'அப்ப விடு' என்றால் அக்கா பேனையை வைத்திருப்பார். அது எனக்குத் தெரிந்தது. சுலோச்சனாவுக்கும் தெரிந்தது, கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பயம்?" என்றார் அண்ணை.

"தோத்தால்? அந்த மச்சான்காரன் காசு குடுப்பான், அரிசி குடுப்பான். நான் இருபத்தாறு வருஷம் ஊரிலை இல்லாதவள். ஆர் எனக்குப் போடுவினம்? தோத்தால் எனக்கு அங்கையும் ஒண்டுமில்லை, இஞ்சையும் ஒண்டுமில்லை."

அண்ணை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தோத்தால் அங்கையே இரு" என்றார். "தோத்த ஆக்களும் ஊரிலை இருக்கத்தானே வேணும். கூட்டத்துக்குப் போ. பின் வாங்கிலை இருந்து கேள்வி கேள். லைற் ஏன் எரியேல்லை எண்டு கேள். உன்னை ஆரும் வெளிநாட்டுக்காரி எண்டு சொல்ல ஏலாது."

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவருடைய குரல் எங்கேயோ ஒரு மேடு ஏறி இறங்கியது. ஆனந்தராஜாவின் கோழி எனக்கு ஞாபகம் வந்தது. நான் வாயே திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

"ஜொஸ்லின்?" என்றார் அக்கா, மிகச் சின்னதாக.

"விசாப் போர்ம் நான் நிரப்புவன். ஸ்பொன்சர் லெற்றரும் நான். என்ரை போர்ம் ஒண்டும் ரிஜெக்ட் ஆனதில்லை."

"மூண்டு ஆனது" என்றாள் சுலோச்சனா.

"அது அவையள் தந்த டேற் பிழை!"

அக்கா சிரித்தார். சிரித்த கையோடு, பென்சில் கோட்டுக்குள் அடக்கமாக, கையொப்பம் வைத்தார். மை காயும்வரை யாரும் அந்தக் கடதாசியைத் தொடவில்லை. பிறகு சுலோச்சனா சமையலறைக்குள் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள். தவநாயகியும் நானும் அருகருகே இருந்து சாப்பிட்டோம். தண்டனை, என்ன செய்வது.

அன்றிரவு ஜொஸ்லின் தாயை அழைத்ததாக அறிந்தேன். இருவரும் முதல் பத்து நிமிஷம் அழுதார்களாம். பிறகு மகள் கேட்டாளாம், தேர்தல் சுவரொட்டிக்கு எந்தப் படத்தைப் போடப் போகிறீர்கள் அம்மா, அந்த நீலச் சட்டைப் படம் மட்டும் வேண்டாம் என்று. இதை நான் ஒட்டுக் கேட்கவில்லை. அக்காவே சொன்னார்.

திங்கட்கிழமை காலை மூவருமாகத் தபாற்கந்தோருக்குப் போனோம். அக்காவுக்கும் அண்ணைக்கும் அங்கே வேலை இருந்தது. எனக்கு முத்திரை வாங்க வேண்டியிருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர். அண்ணை உறையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அக்கா வாங்கப் பார்த்தார், அவர் கொடுக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குஜராத்திப் பெண் உறையை நிறுத்துப் பார்த்தாள். உள்ளே என்ன என்று கேட்டாள்.

"பாஸ்போர்ட்" என்றார் அண்ணை.

"பெறுமதி எவ்வளவு என்று போடுவது? தொலைந்தால் நட்டஈடு தருவதற்கு."

அவள் வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அண்ணை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த உறையையே பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு குழந்தை தள்ளுவண்டியில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள், கொஞ்சம் சத்தமாக, கிழவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து.

"ஒண்டும் வேண்டாம் அண்ணை, சாதாரணமாப் போகட்டும்" என்றார் டெல்பினா அக்கா, அவர் முழங்கையைத் தொட்டு.

"நீ சும்மா இரு" என்றார் தில்லையம்பலம் அண்ணை. கண்ணாடியை நோக்கிக் குனிந்து, தன் மிக நல்ல ஆங்கிலத்தில், இருக்கிறதிலேயே கூடிய தொகை எதுவோ அதைப் போடும்படி சொன்னார். பற்றுச்சீட்டைக் கவனமாக நான்காக மடித்து அக்காவின் கையில் வைத்தார். வெளியே வந்ததும், வியாழக்கிழமை விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்; ஹீத்ரோவுக்குத் தன் காரிலேயே போகலாம் என்றார். ஏழு பெட்டியும் கப்பலில் போனபடியால் எனக்கும் தவநாயகிக்கும் பின் சீட்டில் தாராளமாக இடம் இருக்கும்.